ஆய்வின் பெறுமதியும் மேற்கோள் கணக்கும்

பதுளையில் 2005ஆம் ஆண்டு ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் ஆரம்பிக்கப்பட்ட பின்னர், ஆராய்ச்சி என்பது ஊவாவின் தோட்டப்புறங்களுக்கும் எட்டாத ஒன்றல்ல என்றாகியுள்ளது. தோட்டக் குடியிருப்புகளிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற இளைஞர்களில் சிலர் இன்று ஆய்வுத் துறையையும் நாடுகின்றனர். அங்கே அவர்களை அளக்கக் காத்திருக்கும் முதலாவது அளவுகோல் மேற்கோள் எண்ணிக்கையாகும். அதன் பெறுமதியையும் எல்லையையும் அறிந்து கொள்வது அவசியமெனக் கருதுகின்றோம்.

ஓர் ஆய்வாளரின் கட்டுரையை ஏனைய ஆய்வாளர்கள் தமது கட்டுரைகளில் எத்தனை தடவை சான்றாகக் குறிப்பிட்டுள்ளனர் என்பதே இந்தக் கணக்கு. 2005இல் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் இதிலிருந்து ஒரு சுட்டெண்ணையும் உருவாக்கினார். ஒருவருடைய கட்டுரைகளில் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது தடவை குறிப்பிடப்பட்டிருப்பின் அவரது சுட்டெண் இருபதாகும். நியமனம், பதவியுயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றைத் தீர்மானிப்போர் உலகெங்கும் இத்தகைய எண்களை நோக்குகின்றனர்.

இக்கணக்கு வெறும் மாயையன்று. சென்னையில் பிறந்த வானொலி வானியலாளர் வெ. இராதாகிருஷ்ணன், கலாநிதிப் பட்ட ஆய்வு எதனையும் மேற்கொள்ளாதவர். அவர் அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய காலத்தில், துடிப்பு விண்மீன்களின் வானொலி அலைகள் பற்றி 1969இல் குக் என்பவருடன் இணைந்து எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றது. பட்டத்தைப் பாராது படைப்பைப் பார்க்கும் நேர்மை இக்கணக்கில் உண்டு.

ஆயினும் அதே துறையின் மற்றொரு முன்னோடியான பேராசிரியர் கோவிந்த் சுவரூப்பின் வாழ்க்கை, அக்கணக்கின் குறையைக் காட்டுகின்றது. 1929இல் உத்தரப் பிரதேசத்தில் பிறந்த அவர், 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே, அன்டனாக்களை இணைக்கும் நீண்ட கம்பிகளில் சமிக்ஞைக்கு ஏற்படும் மாற்றத்தை, அதனை அனுப்பித் திரும்பப் பெற்று அளந்து திருத்தும் முறையொன்றை யாங் என்பவருடன் இணைந்து வெளியிட்டார். பின்னர் அம்முறை பல நாடுகளின் தொலைகாட்டிகளில் கையாளப்பட்டது. ஒரு முறை எங்கும் வழக்கமாகிவிட்டால் அதனைக் கண்டவரின் பெயரைப் பலர் குறிப்பிடுவதில்லை. வெற்றியே மேற்கோளைக் குறைத்துவிடும் விசித்திரம் இது.

ஹோமி பாபாவின் அழைப்பையேற்று 1963இல் தாயகம் திரும்பிய சுவரூப், நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அருகே ஒரு மலைச்சரிவைத் தெரிவு செய்தார். அவ்விடத்தின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. சரிவும் 11 பாகை. வடக்கு நோக்கி உயரும் அச்சரிவில் கிடத்தப்பட்ட 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட தொலைகாட்டியின் அச்சு, பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக அமைந்தது. எனவே ஒரே அச்சில் சுழற்றுவதன் மூலம் வான்பொருளொன்றைப் பல மணிநேரம் தொடர முடிந்தது. சமதரையில் பெருஞ்செலவில் செய்ய வேண்டியதை மலையே செய்து கொடுத்தது. பதுளையில் இத்தகைய கருவியை அமைப்பதாயின் 7 பாகைச் சரிவு போதுமானது.

1970இல் அக்கருவி இயங்கத் தொடங்கிய காலத்தில், சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் கீழ் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலர் அதே நீலகிரியில் தேயிலை நாட்டிக் கொண்டிருந்தனர் என்பதையும் நாம் மறந்துவிட முடியாது.

வானொலி மூலங்களைச் சந்திரன் மறைக்கும் கணத்தைக் கொண்டு அவற்றின் அமைப்பை அளந்த அத்தொலைகாட்டி, பிரபஞ்சம் மாறாநிலையில் இருப்பதல்ல, காலத்தோடு மாறி வந்ததே என்ற கருத்துக்குச் சான்று வழங்கியது. பின்னர் புனேக்கு வடக்கே, ஒவ்வொன்றும் 45 மீற்றர் விட்டமுள்ள 30 அன்டனாக்களைக் கொண்ட இராட்சதத் தொலைகாட்டித் தொகுதியும் சுவரூப்பின் தலைமையில் உருவாகி 2001இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சுவரூப் 2020 செப்டெம்பரில் காலமானார். 2023இல் மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட ஈர்ப்பு அலைகளுக்கான சான்று வெளியிடப்பட்டபோது, அதில் இத்தொகுதியின் அவதானங்களும் இடம்பெற்றன. அந்தப் பெருமை முழுவதும் அவரது மேற்கோள் கணக்கில் சேர்வதில்லை. கருவியைக் கட்டியவரும், அதனை இயக்க மற்றவர்களைப் பயிற்றியவரும் பெரும்பாலும் அக்கணக்கின் புறத்தே நிற்கின்றனர்.

இது வானியலுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண்சரிவு மூடியது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளுக்குத் தன் மக்களைப் பலி கொடுத்தது. ஹல்துமுல்லையிலோ பசறையிலோ ஒரு குறிப்பிட்ட சரிவில் எவ்வளவு மழை பெய்தால் மண் நகரும் என்பதை ஆண்டுக்கணக்கில் அளக்கும் ஆய்வாளருக்கு உலகில் எத்தனை மேற்கோள்கள் கிடைக்கும்? மிகச் சிலவே கிடைக்கக்கூடும். ஆனால் அவரது அளவீடு தமிழிலும் எழுதப்பட்டு உரிய வேளையில் லயன்களைச் சென்றடையுமாயின், அதன் பெறுமதியை எந்தச் சுட்டெண்ணாலும் கூற இயலாது.

மேற்கோள் கணக்கைக் கைவிட வேண்டுமென நாம் கூறவில்லை. அதனை ஒரே அளவுகோலாகக் கொள்வதையே ஏற்க மறுக்கின்றோம். ஊவாவில் செய்யப்படும் ஆய்வுகள் ஊவா மக்களுக்கு எதனைக் கொடுத்தன என்ற வினாவும் பதவியுயர்வு வேளையில் கேட்கப்பட வேண்டும். அத்துடன், உயர்தர விஞ்ஞானப் பிரிவும் ஆய்வுகூடமும் தகுதியான ஆசிரியரும் தோட்டப்புற மாணவருக்கு எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். இவையின்றி எமது பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இடம்பெறப் போவதில்லை. உதகமண்டலத்தின் சரிவை அறிவுக்குரிய இடமாக்கியது ஒருவரின் தொலைநோக்கும் அதற்குக் கிடைத்த அரச ஆதரவுமாகும். அச்சத்துக்குரியனவாகவே இருந்துவரும் எமது சரிவுகளுக்கும் அத்தகைய கவனம் கிடைக்க வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.