சுவர் விழுந்தது, மனிதர் பிழைத்தார்!

சினிமாக் காட்சியைக் குட்டிப் படமாக்குவது எப்படி?

சூறாவளி வீசுகிறது. ஒரு வீட்டின் முன்னால் ஒருவர் திகைத்து நிற்கிறார். திடீரென்று வீட்டின் முன்சுவர் முழுவதும் பெயர்ந்து, அவர்மீது சாய்கிறது! "ஐயோ, போச்சு!" என்று பதறுகிறோம். ஆனால் அவர் நின்றது நின்றபடியே இருக்கிறார். மாடியில் திறந்திருந்த ஜன்னல், சரியாக அவர் நின்ற இடத்தில் வந்து விழுந்தது. உயிர் தப்பினார்!

1928-ல் வெளிவந்த "ஸ்டீம்போட் பில் ஜூனியர்" என்ற அமெரிக்க ஊமைப் படத்தில் வரும் காட்சி இது. நடித்தவர் பஸ்டர் கீட்டன். காமிரா தந்திரம் எதுவும் இல்லை. கனமான சுவர் உண்மையாகவே விழுந்தது.

இந்தக் காட்சியை செல்போனில் ஓயாமல் ஓடும் குட்டிப் படமாக நீங்களே செய்யலாம். அதற்குப் பெயர் "ஜிஃப்".

ஜிஃப் என்றால் என்ன?

நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு படம் வரைந்து, விர்ரென்று புரட்டினால் படம் ஓடும் அல்லவா? ஜிஃப் அதே வேலையைத்தான் செய்கிறது. 1987-ல் அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்ற கம்பெனியில், ஸ்டீவ் வில்ஹைட் என்பவர் தம் குழுவினருடன் இதை உருவாக்கினார். ஜிஃபில் ஒலி கிடையாது. ஆகவே ஊமைப் படத்துக்கு இது மிகப் பொருத்தம்!

செய்யும் முறை

வி.எல்.சி., கிம்ப் என்ற இரண்டு கம்ப்யூட்டர் செயலிகள் போதும். இரண்டும் இலவசம்.

சினிமாவில் சாதாரணமாக ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடும். மூன்று வினாடிக்கு 72 படங்கள். அத்தனையும் வேண்டாம். மூன்றுக்கு ஒன்றாக 24 படங்கள் எடுத்தால் போதும்.

வி.எல்.சி.யில் காட்சியை நிறுத்தி, காட்சியை ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். வேண்டிய படங்களைப் பதிவு செய்யுங்கள். பிறகு கிம்பில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். முதல் படம் அடியில், கடைசிப் படம் உச்சியில் இருக்க வேண்டும். அகலத்தை 320 புள்ளிகளாகக் குறையுங்கள். ஒவ்வொரு படமும் நிற்கும் நேரம் 120 மில்லி வினாடி என்று குறியுங்கள். ஓயாமல் ஓடும்படி அமைத்து, ஜிஃபாகச் சேமியுங்கள். வேலை முடிந்தது!

எங்கே வெட்டுவது?

இதுதான் முக்கியம். சுவர் அவர்மீது சாயும்போதே வெட்டிவிட்டால் என்ன ஆகும்? பார்ப்பவர், "பாவம், செத்துப்போனார்!" என்றுதான் நினைப்பார். இன்னும் ஒரு வினாடி விட்டு வெட்டினால், மனிதர் பிழைத்துவிடுகிறார்!

கதையில் நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நிஜ மனிதரின் படமாக இருந்தால்? ஈயை விரட்டக் கை ஓங்குகிறார் ஒருவர். ஈ தெரியாதபடி வெட்டிவிட்டால், பக்கத்தில் இருப்பவரை அவர் அடிக்கப் போவதாக ஊர் சொல்லும். நல்லவர் பெயர் ஒரு வினாடியில் கெட்டுவிடும். ஆகவே செல்போனில் வரும் துண்டுப் படத்தைப் பார்த்ததும் கோபப்படாதீர்கள். "இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

இன்னொரு யோசனை. கடைசிப் படத்தை மட்டும் 1,000 மில்லி வினாடி, அதாவது ஒரு முழு வினாடி, நிற்க விடுங்கள். மனிதர் பிழைத்து நிற்பதை வீட்டில் எல்லோரும் கண்குளிரப் பார்க்கட்டும்!