சத்தம் எப்போது வருகிறது?

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் கோயில் மதிலை ஒட்டி மெதுவாக வண்டி ஓட்டிப் போனால், இன்ஜின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி ஓட்டுகிறவர் காதுக்கே வந்து சேரும். அதே வண்டி கொள்ளிடம் பாலத்தில் போகும்போது பாதிச் சத்தத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஷோரூம் வாசலிலோ நாலு வண்டி ஒன்றாக உறுமுவதால் எதுவும் தனியாகக் கேட்காது. வண்டி எடுத்த வாரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு காலையில், இப்படி ஒரு தெருவில்தான் பலருக்கும் அந்த ‘டிக் டிக்’ முதன்முதலாகக் கேட்கிறது. அது புதிதாக வந்ததா, முதல் நாளிலிருந்தே இருந்ததா என்று சொல்ல முடியாது. கடன் வாங்கி எடுத்த வண்டியாக இருந்தால் அன்று இரவு தூக்கமும் வராது. கேட்ட இடத்தில் ஒருவர் ‘டேப்பட்’ என்பார், இன்னொருவர் ‘கேம் செயின்’ என்பார், மூன்றாமவர் ‘புது வண்டி அப்படித்தான் இருக்கும்’ என்பார். மூன்றுமே சத்தத்துக்குப் பெயர் வைக்கும் வேலை. வண்டிக்காரர் செய்ய வேண்டியது அதுவல்ல. சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைப் பிடிப்பதும், பிடித்ததை எழுத்தில் ஏற்றுவதும்தான் அவர் வேலை. பெயர் தானாகப் பின்னால் வரும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இன்ஜின் ஓடும் விதத்திலேயே இருக்கிறது. ஐட்லிங்கில் நிமிஷத்துக்கு 1,200 சுற்று என்று வைத்துக்கொண்டால், கிராங்க் நொடிக்கு 20 முறை சுற்றுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆகவே ஒரு வால்வு நொடிக்கு 10 முறை திறந்து மூடும். டேப்பட் தட்டும் சத்தமும் அந்தப் பாதித் தாளத்தில்தான் வரும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் தாளமும் கூடவே ஏறும். இதற்கு மாறாக, இன்ஜின் வேகத்தைக் கண்டுகொள்ளாமல் சக்கரத்தின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்குகிற சத்தம் பெரும்பாலும் இன்ஜினுடையதே அல்ல. செயின், வீல் பேரிங், பிரேக் பேட் இவற்றில் ஒன்று. காலியான சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுக் கிளட்சைப் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் அடங்கிய பிறகும் சத்தம் அதே வேகத்தில் தொடர்ந்தால், நம் கவலை பாதி தீர்ந்தது. குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் ‘கிர்ர்’ என்று வந்து, கொஞ்சம் கூட்டினால் மறைகிற சத்தம் இன்னொரு வகை. வண்டியை நிறுத்தி வைத்து, அந்த வேகத்துக்கு இன்ஜினை ஏற்றி, நம்பர் பிளேட்டின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினாலே சில நேரம் நின்றுவிடும். தளர்ந்திருந்தது ஒரே ஒரு ஸ்க்ரூ. அதற்காக இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுகிறவரிடம் எச்சரிக்கை தேவை.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, சத்தம் குளிர்ந்த இன்ஜினில் வருகிறதா, சூடானதிலா என்பது. பிஸ்டன் அலுமினியக் கலவை. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதற்கு இடம் விட்டுத்தான் பிஸ்டனைச் செய்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிஷம் லேசாகக் கடகடத்து, சூடானதும் அடங்குவதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நேர்மாறாக, சூடாகச் சூடாக வளர்கிற சத்தம் கவனிக்க வேண்டியது. சூட்டில் ஆயில் இளகுகிறது. ஆயில் அளவு குறைவாக இருந்தாலோ, கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சரியாக வேலை செய்யாவிட்டாலோ அப்போதுதான் வெளிப்படும். திருச்சியின் மே மாத வெயிலில் மாம்பழச் சாலையிலிருந்து காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையம் வரை ஊர்ந்து போகிற வண்டிக்குக் காற்று படுவதே இல்லை. காற்றை நம்பிக் குளிர்கிற இன்ஜினுக்கு இது கடுமையான சோதனை. ‘வீட்டில் கிளம்பும்போது இல்லை, சத்திரத்தில் நிற்கும்போது வருகிறது’ என்ற ஒரு வரி, ‘ஏதோ சத்தம் வருது’ என்ற புலம்பலைவிடப் பத்து மடங்கு பயன் தரும். சர்வீஸ் சென்டரில் காலையில் வண்டியை விட்டுவிட்டு வந்தால், மூன்று மணி நேரம் ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்து ‘சத்தமே இல்லையே சார்’ என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சூடான வண்டியில் மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தால்தான் இருவரும் ஒரே சத்தத்தைக் கேட்டவர்களாவார்கள்.

கோளாறே இல்லாத சத்தங்களும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ்-6 தரத்து வண்டிகள் பலவற்றில் சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி ‘உய்ங்’ என்று கேட்பது பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் வண்டியிலேயே பழகியவருக்கு அது நோய்போலத் தோன்றும். ஓட்டி நிறுத்தியபின் சைலன்ஸரில் கேட்கும் ‘டிங் டிங்’, சூடான தகடு ஆறிச் சுருங்குவது. இவற்றை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும்.

‘புது வண்டிதானே, ரன்னிங்-இன் முடிந்தால் சரியாகிவிடும்’ என்பதுதான் அடிக்கடி கேட்கிற மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. புது உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உரசிப் படியும் காலம் அது. முதல் சர்வீஸில் ஆயிலை மாற்றுவதே அந்த உரசலில் உதிர்ந்த பொடியை வெளியேற்றத்தான். ஆனால் ‘சரியாகிவிடும்’ என்பது ஒரு கணிப்பு, கணிப்பைச் சோதிக்க வேண்டும். படிந்து அடங்குகிற சத்தம் கிலோமீட்டர் ஏற ஏறக் குறையும். 200-லும் 400-லும் 700-லும் ஒரே இடத்தில், ஒரே சூட்டில், கைபேசியை ஒரே தூரத்தில் வைத்துப் பதிவு செய்து, மீட்டர் காட்டும் எண்ணையும் சேர்த்து எடுத்துவைத்தால், குறைகிறதா கூடுகிறதா என்று யாரும் வாதாட வேண்டியிருக்காது. ஒரே ஒரு விதிவிலக்கு: கனமான ‘டொக் டொக்’, ஆயில் விளக்கு எரிதல், இழுவை குறைதல் இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தால் பதிவு செய்ய ஓட்டாதீர்கள். அங்கேயே நிறுத்தி, வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

புது வண்டியிலும் தொழிற்சாலைக் குறை இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயிலில் இருந்த குறையால் இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்பது காரணம். பாகம் மாற்ற வேண்டியிருப்பது பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளில்தான் என்றும் நிறுவனம் எதிர்பார்த்தது. இரண்டு பக்கமும் இதில் பாடம் இருக்கிறது. அழைக்கப்பட்டதில் பெரும்பாலான வண்டிகளுக்குக் கோளாறு இல்லை. ஆகவே எல்லாச் சத்தத்துக்கும் பதற வேண்டாம். மீதி வண்டிக்காரரிடம் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறாகியிருக்கும். அதே ஆண்டு ஏப்ரல் முதல், பாதுகாப்பைப் பாதிக்கும் குறை பற்றிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் நிறுவனத்தைத் திரும்ப அழைக்கவைக்கும் விதிமுறை மத்திய அரசிடம் இருக்கிறது. பதிவு செய்த புகார்தான் அங்கே கணக்கு.

‘ஷோரூமுக்கு ஏன் அலைய வேண்டும், நம்ம மெக்கானிக் காதை வைத்தே சொல்லிவிடுவாரே’ என்பது அடுத்த மறுப்பு. காதின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் கட்டிக்கொடுத்த பொன்மலைப் பணிமனை இருக்கிற ஊர் இது. சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, கணீர் என்றால் நல்லது, மழுங்கினால் விரிசல் என்று கண்டுபிடித்தது ரயில்வேயின் பழைய முறை. தெரு மெக்கானிக்கின் காதும் அப்படிப் பழகியதுதான். அவரைக் கேட்கச் சொல்லுங்கள், கையை வைக்கச் சொல்லாதீர்கள். வாரன்ட்டி இருக்கிற இன்ஜினை வெளியே பிரித்தால், பிறகு வரும் எந்தக் குறைக்கும் ‘வெளியில் திறந்ததால் வந்தது’ என்ற பதில் தயாராக இருக்கும்.

ஷோரூமில் ‘இது நார்மல்’ என்பார்கள். சத்த அளவு சட்டத்துக்குள் இருக்கிறது என்றும் சொல்லக்கூடும். 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 என்ற வரம்பு, வண்டி ஊருக்குத் தொல்லையாகக் கூடாது என்பதற்கு வைத்தது. சத்தம் எவ்வளவு உரக்க என்பதைத்தான் அது அளக்கிறது. எதிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. நார்மலா என்று அறிய நேர்மையான வழி, அதே மாடலில் அதே அளவு ஓடிய இன்னொரு வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி இரண்டையும் கேட்பது. மறுத்தால், ‘நார்மல்’ என்ற சொல்லையே ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லலாம்.

எழுத்துக்கு இவ்வளவு மதிப்புத் தருவது சட்டமும்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். பரிசோதித்தால்தான் தெரியும் என்கிற குறையை ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் புது வண்டியே கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. மாருதி உத்யோக் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரன்ட்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தரும் கடமைதான் என்று பார்த்து, முழு வண்டியை மாற்றச் சொன்ன உத்தரவை ஏற்கவில்லை. எந்தப் பாகம், எப்போதிலிருந்து, எத்தனை முறை காட்டினோம் என்பதுதான் அங்கே கேள்வியாகிறது. அதற்குப் பதில் ஜாப் கார்டில் இருக்க வேண்டும்.

அந்தக் கார்டில் ‘இன்ஜின் நாய்ஸ்’ என்று இரண்டு சொல்லை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘640 கி.மீ.; காலையில் இல்லை; இருபது நிமிஷம் ஓடியபின் ஐட்லிங்கில் வலப்பக்கம் டிக் டிக்; கிளட்ச் பிடித்தாலும் நிற்கவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ‘ட்ரையல் பார்த்தோம், சத்தம் இல்லை’ என்று எழுதியிருந்தால், எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள் என்று மீட்டரை, வண்டியைக் கொடுத்த அன்றைய எண்ணோடு ஒப்பிட்டு, அதையும் அந்த வரிக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள்.