நியூயார்க் மாளிகைகளின் கரியமிலக் கணக்கு

நியூயார்க் நகரத்தின் காற்றைக் கெடுப்பவை எவையென்று கேட்டால், வீதிகளை அடைத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும் மோட்டார் வண்டிகளையே யாரும் முதலில் சுட்டிக்காட்டுவர். ஆனால் அந்நகரம் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இருந்த இடத்தில் அசையாது நிற்கும் கட்டடங்களுக்கு வெப்பமும் குளிர்ச்சியும் வெளிச்சமும் அளிப்பதனாலேயே உண்டாகிறதென்று நகர நிர்வாகம் கணித்துச் சொல்லியிருக்கிறது.

ஒரு மாளிகை எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதை எங்ஙனம் அறிவது? புகைபோக்கியின் உச்சியில் ஒரு கருவியைப் பொருத்தி அளந்துவிடலாம் என்று எண்ணத் தோன்றும். எனினும் அம்மாளிகையின் பொருட்டு எரியும் நெருப்பில் ஒரு பகுதி அதன் சுவர்களுக்குள் எரிவதில்லை. எங்கோ ஒரு மின்நிலையத்திலோ, 1882-ஆம் ஆண்டு தொடங்கி மான்ஹாட்டன் வீதிகளின் அடியில் குழாய்வழியே நீராவி அனுப்பிவரும் கொதிகலன்களிலோதான் எரிகிறது. ஆகவே நகரத்தார் கைக்கொண்ட உபாயம் எளியது: வாயுவை அளப்பதை விடுத்து, பில்களைக் கூட்டினார்கள். 2009-இல் இயற்றப்பட்ட 84-ஆம் உள்ளூர்ச் சட்டம், 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் உரிமையாளர்கள் தங்கள் மின்சாரம், எரிவாயு, எண்ணெய், நீராவி ஆகியவற்றின் செலவை, மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடத்தும் கணினிப் பதிவேட்டில் எழுதி, ஆண்டுதோறும் மே முதல் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டுமென்று விதித்தது. பிற்பாடு அவ்வரம்பு 25,000 சதுர அடியாகத் தாழ்த்தப்பட்டது. அந்த எண்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதே இதில் விசேஷம்.

பார்த்தவர்களுக்கு வியப்புக் காத்திருந்தது. பிரயண்ட் பூங்காவின் அருகே எழுந்த பாங்க் ஆஃப் அமெரிக்கா கோபுரம், பசுமைக் கட்டடங்களுக்கு அளிக்கப்படும் லீட் சான்றின் உச்சநிலையாகிய பிளாட்டினத்தைப் பெற்றுப் பிரசித்தி அடைந்திருந்தது. அதன் கணக்கு வெளிவந்தபோதோ, சதுர அடி ஒன்றுக்கு அது விழுங்கும் எரிசக்தி பழங்காலக் கோபுரங்கள் பலவற்றினும் மிகுதி என்பது பிரத்தியட்சமாயிற்று. பங்கு வர்த்தகர்களின் மேஜைதோறும் கணினித் திரைகள் வரிசையாக எரிந்துகொண்டிருக்கும் தளங்கள் அதில் பல. அவற்றைக் கண்ணாடிச் சுவரின் நேர்த்தி என்ன செய்யும்? கட்டடக் கலைஞரின் வரைபடத்தைக் கண்டு அளித்த சான்று பொய்யென்று நான் சொல்லமாட்டேன்; அது வேறொரு கேள்விக்கு விடை, அவ்வளவே. 1931-இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடமோ, தன் 6,514 ஜன்னல்களின் கண்ணாடிகளையும் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே அமைத்த ஒரு பட்டறையில் அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் பொருத்தி, எரிசக்திச் செலவில் 38 சதவீதத்தைக் குறைப்பதென்று ஒரு பெருந்திட்டத்தை மேற்கொண்டது.

கணக்கெழுதுவதோடு நின்றிருந்த நகரம், 2019-இல் 97-ஆம் உள்ளூர்ச் சட்டத்தால் அபராதமும் விதிக்கத் துணிந்தது. 2024 முதல் 2029 வரையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 289 கிராம் கரியமில வாயு எனவும், ஓராயிரம் பிரிட்டிஷ் வெப்ப அலகு எரிவாயுவுக்கு 53 கிராம், எண்ணெயாயின் 74 கிராம், நீராவியாயின் 45 கிராம் எனவும் வைத்துப் பெருக்கிக் கூட்ட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சதுர அடிக்கு ஆண்டொன்றுக்கு 6.75 கிலோ வரையில் அனுமதி. மிஞ்சும் ஒவ்வொரு மெட்ரிக் டன்னுக்கும் 268 டாலர். ஒரு லட்சம் சதுர அடிக் குடியிருப்பொன்று 800 டன் வெளியிட்டதாகக் கொண்டால், அனுமதித்த 675 போக எஞ்சிய 125 டன்னுக்கு 33,500 டாலர் அபராதமாகும்.

ஆட்சேபங்கள் எழாதிருக்குமா? குவீன்ஸ் பகுதியிலுள்ள க்ளென் ஓக்ஸ் கூட்டுறவுக் குடியிருப்பினர் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கு மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை சென்று, 2025 மே மாதத்தில் நகரத்துக்குச் சாதகமாக முடிந்தது. சட்டத்தின் அதிகாரம் நிலைநாட்டப்பட்டதாயினும், அளவுகோலின் நியாயம் பற்றிய விவாதம் ஓயவில்லை. சதுர அடியைக் கொண்டு அளக்கையில், பாதி காலியாகக் கிடக்கும் அலுவலகம் நற்பெயர் பெறுகிறது; அதே பரப்பில் இருமடங்கு மனிதர்கள் இரவும் பகலும் உழைக்கும் அலுவலகம் குற்றவாளியாகிறது. குளிர்சாதனங்களிலிருந்து கசியும் வாயுவோ இக்கணக்கில் இடம்பெறவே இல்லை.

இவை யாவற்றினும் என்னைச் சிந்திக்கச் செய்வது அந்த 289 என்ற எண்தான். இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையம் 2021 ஏப்ரலில் மூடப்பட்டதனால் நகரத்து மின்சாரத்தில் எரிவாயுவின் பங்கு ஏறியபோதும் அவ்வெண் அசையவில்லை; 2030-இலோ அது 145 கிராமாக இறங்கும் என்று விதியில் இப்போதே எழுதப்பட்டுவிட்டது. கியூபெக்கின் நீர்மின்சாரத்தை ஷாம்ப்ளெய்ன் ஏரிக்கும் ஹட்சன் நதிக்கும் அடியில் 1,250 மெகாவாட் அளவுக்குக் கொண்டுவரும் கம்பித் திட்டத்தையும், இனி எழவேண்டிய காற்றாலைகளையும் நம்பி எழுதப்பட்ட எண் அது. அவற்றில் எது பிந்தினாலும், விதியைத் திருத்தாதவரையில், எண்ணெய்க் கொதிகலனைக் கழற்றிவிட்டு மின்சார வெப்பச் சாதனத்தைப் பொருத்திய வீட்டுக்காரரின் ஏட்டில் 145 என்றே எழுதப்படும்.