நெட் ஸ்லோவா? முதலில் அளந்து பாருங்கள்!

"நெட் ரொம்ப ஸ்லோ" என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் இல்லை. ஆனால் எங்கே ஸ்லோ என்று அளந்து பார்ப்பவர்கள் குறைவு. அளந்தால் என்ன பயன்? மதுரைக்கு மேற்கே உள்ள தேனியைப் பாருங்கள்.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றியுள்ள ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்களை அமைத்தது. அங்கு வரும் நோயாளியுடன் தேனியில் உள்ள டாக்டர் வீடியோவில் பேச வேண்டும். படம் விட்டு விட்டு வந்தால் ஆலோசனையே நடக்காது. இதற்காக அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர் டவர்களில் ஆன்டெனா பொருத்தி, சாதாரண வைஃபை கருவிகளால் இணைப்பு தந்தனர். 2006-ல் 5 மையங்கள் இவ்வாறு இணைந்திருந்தன.

வைஃபை வீட்டுக்குள் பயன்படுத்த உருவானது. ஒவ்வொரு பாக்கெட் (தகவல் துண்டு) போனதும் "கிடைத்தது" என்ற பதில் வர வேண்டும். 15 கி.மீ. தூரத்துக்கு சிக்னல் போய்த் திரும்ப 100 மைக்ரோ செகண்ட் ஆகும். அதற்குள் அனுப்பிய கருவி, பாக்கெட் தொலைந்ததாக நினைத்து மீண்டும் அனுப்பும். வேகம் படுத்துவிடும்.

குழுவினர் நீண்ட தூர இணைப்புகளை அளந்தனர். நீண்ட தூரத்தைப் போலவே நடந்துகொள்ளும் கருவியை வைத்து, பரிசோதனைக் கூடத்திலேயே சோதித்தனர். டவரில் ஏறாமலே கோளாறு புரிந்தது. இரு முனைகளும் முறை வைத்து அனுப்பவும், பல பாக்கெட்டுகளுக்கு மொத்தமாக ஒரே பதில் தரவும் சாஃப்ட்வேரை மாற்றினர். வேகம் 2 முதல் 5 மடங்கு உயர்ந்ததாக 2007-ல் வெளியிட்டனர். கருவிகள் அதேதான்!

நீங்களும் அளக்கலாம். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, சிஎம்டி என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் பிங் (பி, ஐ, என், ஜி) என டைப் செய்து, ஓர் இடம் விட்டு உங்கள் மோடத்தின் முகவரியைத் தந்து என்டர் தட்டுங்கள். பலருக்கு இது 192.168.1.1. நான்கு பாக்கெட்டுகள் போய்த் திரும்பும். 'லாஸ்ட்' என்பது தொலைந்தவை. 'ஆவரேஜ்' என்பது சராசரி நேரம், மில்லி செகண்டில்.

அடுத்து ஓர் இணையதள முகவரிக்கும் இதையே செய்யுங்கள். (சில தளங்கள் பாதுகாப்புக்காகப் பதில் தராது; வேறொன்றை முயலுங்கள்.) மோடம் வரையிலேயே பாக்கெட் தொலைந்தால் கோளாறு வீட்டுக்குள், மோடத்தை அருகில் வையுங்கள். மோடம் வரை சரியாக இருந்து, பல தளங்களுக்கும் தொலைந்தால் கோளாறு வெளியே இருக்கலாம்; அந்த எண்களுடன் புகார் செய்யுங்கள்.

அளக்காமல் அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள்!