மீன் இருக்கு, ஆனா கடிக்கலை! ஏன்?



நம்ம ஊர் பேரிலேயே ஏரி இருக்கு. ஆனா பெரிய தண்ணீரில் தூண்டில் போடணும்னா மலையை விட்டு இறங்கி வள்ளிமதுரை அணைக்குத்தான் போகணும். நம்ம மலையில் பெய்யும் மழைதான் வரட்டாறு வழியாக அங்கே போய்த் தேங்குது.

தூண்டில் போட்டவங்க எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். ஒரு நாள் புழுவைப் போட்டதும் தக்கை முங்கும். இன்னொரு நாள் அதே இடம், அதே புழு, பொழுது சாயும் வரை தக்கை அசையாது. "இன்னைக்கு யார் முகத்துல முழிச்சோமோ" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். பாவம், அந்த முகம் என்ன செய்யும்? காரணம் தண்ணீருக்குள் இருக்கிறது.

மீன் குளிர் இரத்தப் பிராணி என்று படித்திருக்கிறோம். தண்ணீர் எவ்வளவு சூடோ அதன் உடம்பும் கிட்டத்தட்ட அவ்வளவு சூடு. சூடு ஏறினால் உடம்புக்குள் எல்லா வேலையும் வேகமாக நடக்கும், அதிக ஆக்ஸிஜன் தேவைப்படும். ஆனால் தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்ஸிஜன் கரைவது குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் சுமார் ஏழரைதான். நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் இதைப்போல் 30 மடங்கு ஆக்ஸிஜன் இருக்கிறது என்றால் மீனின் பாடு எப்படி என்று பாருங்கள். சில்லென்ற சோடாவை வெயிலில் திறந்து வைத்தால் கேஸ் சீக்கிரம் போய்விடுகிறதே, அதே கதைதான்.

தேவை கூடுது, கிடைப்பது குறையுது. அப்போது மீன் என்ன செய்யும்? வீணாக ஓடாது. நிழலிலோ கொஞ்சம் ஆழத்திலோ போய்ச் சும்மா நிற்கும். சாப்பிட்டால் செரிக்கவும் ஆக்ஸிஜன் வேண்டுமே! மூக்குக்கு நேராகப் புழு தொங்கினாலும் கண்டுகொள்ளாது.

அப்போ அடி ஆழத்துக்குப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். கோடையில் மேல் தண்ணீர் சூடாகி லேசாக இருப்பதால் மேலேயே மிதக்கும். கீழ்த் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அங்கே இலை தழை அழுகி ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். அமெரிக்காவில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்று உடம்பில் கோடு போட்ட ஒரு மீன் உண்டு. அது கடல் மீன், முட்டையிட ஆற்றில் ஏறி வரும். தெற்கு கரோலினா மாநிலத்தில் 1941-ல் அணை கட்டியபோது சில மீன்கள் ஏரியிலேயே மாட்டிக்கொண்டன. சாகவில்லை, நல்ல தண்ணீரிலேயே குஞ்சு பொரித்துப் பெருகின. பிறகு பல ஏரிகளில் அதை வளர்த்தார்கள். கோடையில் அந்த மீனுக்கு மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சு முட்டும். நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில்தான் நெருக்கியடித்து நிற்குமாம். அங்கேயும் நாள் முழுக்கப் படகில் உட்கார்ந்து வெறுங்கையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்கு ஆறுதல்!

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு வள்ளிமதுரைக்குப் போயிருந்தேன். அங்கே மீன் ஏலம் எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தோம். மூங்கில் கழி, நரம்பு, மண்புழு எல்லாம் சரியாக இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து மதியம் ரெண்டு மணி வரைக்கும் விரல் நீள ஜிலேபி ரெண்டே ரெண்டு. தண்ணீர் வற்றியிருந்ததால் கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரிந்தன, யாரோ தட்டு வைத்து அழுத்தின மாதிரி. மாமா காட்டினார்: "மாப்ளே, இது என்ன தெரியுமா? ஜிலேபி கட்டின வீடு."

ஆமாம் நண்பர்களே! ஆண் ஜிலேபி சேற்றில் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிடும். அப்புறம் நடப்பதுதான் அதிசயம். முட்டைகளை எல்லாம் பெண் மீன் தன் வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். பொரித்த குஞ்சுகளும் வாய்க்குள்தான். ரெண்டு மூணு வாரம் வரை இப்படித்தான். அது வரைக்கும் தாய் மீன் சாப்பாட்டைக் கிட்டத்தட்ட விட்டேவிடும். எப்படிச் சாப்பிடும், வாய் நிறைய பிள்ளைகள் இருக்கே! தூண்டிலைக் கடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். (ஜிலேபி நம்ம நாட்டு மீன் இல்லை. சொந்த ஊர் ஆப்பிரிக்கா. இந்தியாவுக்கு வந்தது 1952-ல். இப்போது எந்தக் குளத்தில் பார்த்தாலும் அதுதான்.)

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் எரிச்சலாகி, "ஒரு தோட்டா போட்டா பத்து நிமிஷத்துல மூட்டை ரொம்பிடும், இதுல போய் உட்கார்ந்துகிட்டு..." என்றார். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்படிப் போட்டா அடுத்த வருஷம் எதைப் புடிப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் பதில் சொல்லலை, பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

வெடி போட்டால் என்ன ஆகும் என்று அப்புறம் விசாரித்தேன். மீனின் வயிற்றில் காற்றுப்பை ஒன்று உண்டு. மிதப்பதற்கு உதவுவது அதுதான். வெடியின் அதிர்ச்சியில் அது கிழிந்துவிடும். கிழிந்த மீன்களில் நிறைய மிதக்காமல் அடியில் போய்விடும். ஆகவே மூட்டையில் வருவதைவிடச் சேற்றில் அழுகுவது அதிகமாகக்கூட இருக்கலாம். தாயின் வாயில் இருக்கும் குஞ்சும் தப்பாது. தண்ணீரில் வெடி போடுவதும் விஷம் கலப்பதும் குற்றம் என்று 1897-லேயே வெள்ளைக்காரன் காலத்தில் இந்திய மீன்வளச் சட்டம் போட்டிருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், கையில் வெடித்து விரல் போனவர்களும் உண்டு.

சரி, கடிக்காத நாளில் என்ன செய்யலாம்? மீனை மாற்றலாம். மழை பெய்து தண்ணீர் செந்நிறமாகக் கலங்கினால் கண்ணால் பார்த்து இரை தேடும் மீன்கள் திணறும். கெளுத்திக்குக் கவலையே இல்லை. அதன் மீசையிலேயே நாக்கு போல ருசி அறியும் சக்தி இருக்கிறது. இருட்டிலும் கலங்கலிலும் புழுவைத் தேடி வந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு அடியோடு படுகிற மாதிரி போட்டால் நல்லது. கழற்றும்போது ஜாக்கிரதை, செவுள் பக்கத்து முள் குத்தினால் கடுக்கும். அப்புறம் கரையில் தொம் தொம் என்று நடக்காதீர்கள். மீனின் ரெண்டு பக்கமும் ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் சின்ன அசைவையும் உணர்ந்துவிடும். எங்க அத்தை பையனைக் கூட்டிக்கொண்டு போனால் நான் சொல்வது புரியும்.

விரால் மட்டும் தனி ரகம். அது அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். குஞ்சு பொரித்த காலத்தில் செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் தண்ணீர் மேலே கொதிக்கிற மாதிரி நகரும். அதற்குக் கீழே அப்பனும் ஆத்தாளும் காவலுக்கு நிற்கும். குஞ்சுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும். பசியில் இல்லை, பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற கோபத்தில்! அந்தச் சமயம் பிடிப்பது ரொம்பச் சுலபம். ஆனால் காவல் போனதும் மற்ற மீன்களும் கொக்கும் சேர்ந்து குஞ்சுகளைக் காலி பண்ணிவிடும். அன்றைக்கு நாலு மணிக்கு அப்படி ஒரு சிவப்புக் கூட்டம் எங்களுக்கு எதிரிலேயே வந்தது. மாமா கழியைத் தூக்கி, நரம்பைச் சுற்றி, "எழுந்திரு மாப்ளே, கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.