எந்த வில் நல்ல வில்?

நாமகிரிப்பேட்டை என்றதும் மஞ்சள் நினைவுக்கு வரும். அடுத்து நாதசுரம் நினைவுக்கு வரும். ஊருக்கு அருகே நிற்கும் கொல்லிமலையோ வில்லுக்குப் பேர் போனது!

அந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தியது, புலியின் வாயில் புகுந்தது, மானை உருட்டியது, காட்டுப்பன்றியைச் சாய்த்தது, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்தது! புறநானூற்றில் வன்பரணர் என்ற புலவர் இதைப் பாடியிருக்கிறார். ஆடிப் பதினெட்டை ஒட்டி ஓரிக்குக் கொல்லிமலையில் அரசு விழா எடுக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளை, "அப்பா, எனக்கு ஒரு வில் வாங்கித் தாருங்கள்" என்று கேட்டால் அதில் வியப்பு இல்லை. ஆனால் அவன் கேட்பது மூங்கில் வில் அல்ல. சக்கரம் வைத்த 'காம்பவுண்டு' வில்! அதன் விலையைக் கேட்டால் அப்பாவுக்குத் தலை சுற்றும். பெரிய கம்பெனிகளின் உயர்ந்த வில் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. தவறாக வாங்கினால் ஒரு வருட மஞ்சள் பணம் வீண்!

சக்கரம் எதற்கு?

கிணற்றில் ராட்டினம் இருந்தால் குடம் எளிதாக மேலே வருகிறது அல்லவா? அதே போன்ற யுக்திதான் இது. 1966-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் இந்த வில்லுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு மனுப் போட்டார். 1969-ல் அது கிடைத்தது.

சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடும். முழுதும் இழுத்துக் குறி பார்க்கும்போது கை நடுங்கும். சக்கர வில்லில் நடப்பது வேறு. முதலில் பாரம் ஏறும். முழுதும் இழுத்ததும் சக்கரம் திரும்பிப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். 50 பவுண்டு வில்லில் 80 சதவிகிதம் பாரம் குறைகிறது என்று வையுங்கள். அப்போது கையில் நிற்பது 10 பவுண்டுதான். நிதானமாகக் குறி பார்க்கலாம்.

வேட்டைக்கு அல்ல!

இந்த வில்லை அமெரிக்காவில் மான் வேட்டைக்கு வாங்குகிறார்கள். அங்கே அதற்கு அனுமதிச் சீட்டும், குறித்த பருவமும் உண்டு. இங்கே அப்படி இல்லை. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை! அதோடு அபராதமும் உண்டு. வில்லும், ஏறிப் போன வண்டியும் பறிபோகும்.

ஓரியின் காலம் வேறு. நம் காலம் வேறு. "முயல்தானே?" என்று காட்டுக்குள் போகிற பிள்ளையை அன்றே தடுத்துவிடுவது நல்லது.

பந்தயத்தில் புகழ்!

வேட்டை இல்லாவிட்டால் வில் எதற்கு? பந்தயம் இருக்கிறதே! சக்கர வில் பந்தயத்தில் இலக்கு 50 மீட்டர் தூரத்தில் இருக்கும். பத்து மதிப்பெண் பெறும் நடு வட்டம் 8 சென்டிமீட்டர்தான். ஒரு சாத்துக்குடி அளவு!

2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் சக்கர வில்லுக்கு இருந்த 5 தங்கமும் இந்தியாவுக்கே வந்தன. ஆந்திரத்தின் ஜோதி சுரேகா 3 தங்கம் வென்றார். மராட்டியத்தின் ஓஜஸ் தேவ்தலேயும் 3 தங்கம் வென்றார். அதே ஆண்டு பெர்லினில் 17 வயதுப் பெண் அதிதி சுவாமி உலக சாம்பியன் ஆனார்.

ஜம்மு-காஷ்மீரைச் சேர்ந்த பெண் சீத்தல் தேவிக்கு இரு கைகளும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளால் இழுத்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் பெற்றார். 2028-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிலும் ஆண், பெண் சேர்ந்து ஆடும் சக்கர வில் பந்தயம் சேர்க்கப்பட்டிருக்கிறது.

எந்தக் கம்பெனி?

ஹோயிட், மேத்யூஸ், பி.எஸ்.இ., போடெக் ஆகிய நான்கும் பேர் பெற்றவை. நான்கும் அமெரிக்கக் கம்பெனிகள். ஹோயிட் 1931-ல் தொடங்கியது. மேத்யூஸ் 1992-ல் வந்தது. எது உசத்தி என்று வில்லாளிகள் விடிய விடிய வாதாடுவார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயங்கள் சில உண்டு. கம்பெனிப் பேரைவிட முக்கியமானவை அவை.

முதலாவது: வேட்டை வில் வேறு, பந்தய வில் வேறு. வேட்டை வில் குட்டையானது. புதரிலும் மரத்திலும் தட்டாமல் இருக்க 30 அங்குலத்தை ஒட்டிச் செய்கிறார்கள். பந்தய வில் நீளமானது. அது 36 அங்குலத்துக்கு மேலும் போகும். நீள வில் கையில் ஆடாமல் நிற்கும். ஒரே கம்பெனி இரண்டையும் செய்கிறது. பேரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்!

இரண்டாவது: அளவு. சட்டைக்கு அளவு எடுப்பதுபோல் வில்லுக்கும் எடுக்க வேண்டும். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அங்குலத்தில் அளக்கவும். அதை 2.5-ஆல் வகுக்கவும். 65 அங்குலம் இருந்தால் 26 வரும். ஏறக்குறைய அவ்வளவு தூரம் இழுக்கும் வில் போதும்.

மூன்றாவது: பாரம். பந்தயத்தில் 60 பவுண்டுக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு அதில் பாதிகூட வேண்டாம். தோள் கெட்டால் புது வில் வாங்கி என்ன பயன்? மேத்யூஸ் நிறுவனர் வடிவமைத்த 'ஜெனிசிஸ்' என்ற பழகு வில் 10 முதல் 20 பவுண்டு வரைதான். பிள்ளை வளர்ந்தாலும் அதே வில் போதும்.

நான்காவது: பழுது பார்க்க ஆள். சக்கர வில்லின் நாணை வீட்டில் மாற்ற முடியாது. அதற்கென்று வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி உண்டு. நாணும் சக்கரமும் எந்தக் கம்பெனிக்கு எளிதில் கிடைக்கிறதோ, அதுவே உங்கள் பிள்ளைக்கு நல்ல கம்பெனி.

இன்னொரு எச்சரிக்கை! அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது. அந்த வேகம் வில்லையே உடைக்கும், முகத்திலும் அடிக்கும்.

முதலில் குரு

ஆகவே முதலில் போக வேண்டிய இடம் கடை அல்ல, பயிற்சிக் களம். ஆறு மாதம் அங்குள்ள வில்லில் பிள்ளை பழகட்டும். ஆசை நிலைக்கிறதா என்று பாருங்கள். நிலைத்தால் பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள்.

உயர்ந்த நாதசுரத்தை விலைக்கு வாங்கிவிட்டால் எல்லோரும் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் ஆகிவிட முடியுமா? வாத்தியம் கடையில் கிடைக்கும். வித்தை பழக்கத்தில்தான் கிடைக்கும்!