காட்சியும் கருத்தும்: வரலாறு, அறிவியல் ஆவணப்படங்களைப் பள்ளியில் பயிற்றுதல் குறித்த அளவையியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சி ஆவணப்படங்கள் வரலாறு, அறிவியல் பாடங்களின் துணைக்கருவிகளாகப் பள்ளிகளில் பயன்படுகின்றன. சான்றாகப் பதிவான காட்சியையும், ஊகத்தின் அடிப்படையில் உருவாக்கப்பட்ட காட்சியையும் ஆவணப்படம் ஒரே திரையில் ஒரே உறுதியுடன் காட்டுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சி இல்லாத மாணவர் ஊகத்தையும் கண்ட உண்மையாக ஏற்பர். மணிமேகலை விளக்கும் அளவைக் கோட்பாடு இச்சிக்கலைத் தெளிவுபடுத்தவும், வகுப்பறைக்கு ஏற்ற முறையொன்றை வகுக்கவும் துணைபுரிகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், அளவை, காட்சி, கருத்து, தேராது தெளிதல், மறுபுனைவு, பின்னணி உரை.

முன்னுரை

இந்தியாவில் தொலைக்காட்சி வழிக் கல்விக்கு அறுபது ஆண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு. தில்லியில் பள்ளித் தொலைக்காட்சித் திட்டம் 1961இல் தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை, ஏடிஎஸ்-6 என்னும் செயற்கைக்கோளின் வாயிலாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு சென்றது. அவ்வாறு மாநிலங்களுள் தமிழ்நாடு இடம்பெறவில்லை. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்விக்கெனத் தனி அலைவரிசையாகக் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இன்று ஆசிரியர் ஒருவர் தம் கைப்பேசியிலிருந்தே ஓர் ஆவணப்படத்தை வகுப்பறைத் திரைக்குக் கொண்டுவர இயலும்.

கருவி எளிதாகக் கிடைக்கும் அளவிற்கு அதனைப் பயிற்றும் முறை வளரவில்லை. ஆவணப்படம் பெரும்பாலும் பாடத்தின் முடிவில், கற்றதை உறுதிப்படுத்தும் இறுதிச் சான்றாகக் காட்டப்படுகிறது. பாடநூலில் படித்ததைக் 'கண்ணால் கண்டுவிட்டோம்' என்னும் எண்ணத்துடன் மாணவர் வெளியேறுகின்றனர். அவர்கள் உண்மையில் கண்டது எது என்னும் வினாவே இக்கட்டுரையின் மையமாகும்.

அளவைகளும் அவற்றின் குற்றங்களும்

மணிமேகலையின் இருபத்தேழாவது காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். காட்சி, கருதல், ஆகமம் ஆகியன அவற்றுள் அடங்கும். இருபத்தொன்பதாவது காதையில் அறவண அடிகள் காட்சி, கருத்து என்னும் இரண்டனை மட்டுமே அளவைகளாகக் கொண்டு, ஏனையவற்றைக் கருத்தினுள் அடக்குகிறார். புலன் நேரே பற்றுவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை அறிவது போலச் சான்றிலிருந்து துணிவது கருத்து.

அளவைகளைக் கூறுவதோடு அளவைவாதி நின்றுவிடவில்லை. அறிவு பிழைபடும் எட்டு வகைகளையும் அவன் வகுக்கிறான். அவற்றுள் ஐயம், தேராது தெளிதல் ஆகிய இரண்டும் இங்குக் கருதத்தக்கன. தொலைவில் தோன்றும் உருவம் தறியோ மகனோ எனத் தடுமாறுவது ஐயம். அத்தறியையே ஆராயாமல் மகன் எனத் துணிந்துவிடுவது தேராது தெளிதல். பொருள் ஒன்றே, சான்றும் ஒன்றே. ஆராய்ச்சி இடையில் நிகழாமல் உறுதி மட்டும் வந்து சேர்வதே இரண்டாவதன் குற்றமாகும்.

ஆவணப்படத்தில் இம்மூன்று அளவைகளும் பின்னிக் கிடக்கின்றன. நிகழ்வின்போதே பதிவான படம் காட்சி. நடிகர்களாலோ கணினி வரைகலையாலோ உருவான மறுபுனைவு கருத்து. பின்னணிக் குரல் ஆகமத்தை ஒத்த உரை. புகையை மட்டும் கண்ட ஆய்வாளர் நெருப்பு இருந்தது எனக் கருதுகிறார். ஆவணப்படமோ அந்நெருப்பையே எரியவைத்துக் காட்டுகிறது. கருத்தளவையால் பெற்றது காட்சியளவையின் தோற்றத்தில் மாணவரைச் சேர்கிறது.

வரலாற்றுப் படம்: சோம் போர்

'சோம் போர்' என்னும் பிரித்தானிய ஆவணப்படம் 1916 ஆகஸ்டில், போர் நடந்துகொண்டிருந்தபோதே வெளியாயிற்று. அதில் 1916 சூலை 1ஆம் நாள் காலை ஹாதார்ன் மேட்டில் நிலக்கண்ணி வெடித்து மண் மேலெழும் காட்சி உள்ளது. அது ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி மாலின்சு களத்தில் நின்று நேரே பதிவு செய்தது. அதே படத்தில், வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாய்வதும் சிலர் சரிந்து வீழ்வதுமான காட்சியும் உள்ளது. ஒளிப்பதிவுக் கருவி நின்றிருக்க வேண்டிய இடம், வீரர்கள் தாங்கியிருந்த சுமை முதலியவற்றை ஆராய்ந்தோர், அது போர்முனைக்குப் பின்னால் நடிக்கச்செய்து எடுக்கப்பட்டது என்னும் முடிவுக்கு வந்துள்ளனர்.

முதற்காட்சி சான்று, இரண்டாவது புனைவு. பின்னாளைய தொலைக்காட்சிப் படங்கள் பலவற்றில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது இரண்டாவதே. பிபிசி 1964இல் இருபத்தாறு பகுதிகளாக ஒளிபரப்பிய முதல் உலகப்போர்த் தொடரில், நடிக்கப்பட்ட காட்சிகள் அவ்வாறு சுட்டப்படாமல் உண்மைப் பதிவுகளோடு கலக்கப்பட்டதை, இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் நோபிள் ஃபிராங்க்லண்ட் கண்டித்தார். அவ்வருங்காட்சியகமே அத்தொடரின் தயாரிப்பில் பங்குகொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அறிவியல் படம்: இரு தவறுகளும் ஒரு நல்வழியும்

டிஸ்னி நிறுவனம் 1958இல் வெளியிட்ட 'வெண் வனாந்தரம்' என்னும் இயற்கை ஆவணப்படம், லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்குகள் கூட்டமாகப் பாறை விளிம்பிலிருந்து நீரில் வீழ்வதைக் காட்டியது. அப்படம் ஆசுக்கர் விருதும் பெற்றது. கனடிய ஒளிபரப்புக் கழகம் 1982இல் ஒளிபரப்பிய புலனாய்வு நிகழ்ச்சி உண்மையை வெளிக்கொணர்ந்தது. காட்சி எடுக்கப்பட்ட ஆல்பர்ட்டா மாநிலம் கடலற்றது. லெம்மிங்குகள் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவை விளிம்பிலிருந்து வலிந்து தள்ளப்பட்டன. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்வதில்லை. தொகை பெருகும்போது அவை இடம்பெயர்கின்றன. அப்போது சில நீரில் மூழ்குவதுண்டு. எனினும் அத்தவறான கருத்து இன்றும் வழங்குகிறது.

மேற்கண்டது ஏமாற்று. பிபிசி 1999இல் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய 'டைனோசர்களுடன் நடத்தல்' தொடரின் சிக்கல் நுட்பமானது. அது ஏமாற்றும் நோக்கமுடையதன்று. தொல்லுயிரியலாளர்களின் அறிவுரையோடு உருவானது. ஆயினும் காட்டுயிர்ப் படத்தின் வடிவத்தையும் நிகழ்கால உரைநடையையும் மேற்கொண்டமையால், எலும்பு எச்சம் எங்கு முடிகிறது, ஊகம் எங்குத் தொடங்குகிறது என்பது பார்ப்போருக்குத் தெரிவதில்லை. லியோப்ளூரோடான் என்னும் கடல்வாழ் ஊர்வனம் அதில் 25 மீட்டர் நீளமுடையதாகக் காட்டப்பட்டது. கிடைத்துள்ள எச்சங்கள் அதில் பாதி நீளத்தைக்கூட உறுதிப்படுத்துவதில்லை.

நல்வழிக்குச் சான்றாகக் கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்' தொடரின் (1980) முதற்பகுதியைக் கூறலாம். எரட்டோசுதனீசு புவியின் சுற்றளவைக் கணித்த முறையைச் சேகன் ஓர் அட்டையையும் அதில் நாட்டிய இரு சிறு தூண்களையும் கொண்டு விளக்குகிறார். அட்டை தட்டையாக இருப்பின் இரு நிழல்களும் ஒத்திருக்கும், வளைப்பின் வேறுபடும். சையீன், அலெக்சாந்திரியா ஆகிய நகரங்களில் காணும் நிழல் வேறுபாடு ஏறத்தாழ 7 பாகை. அது முழுவட்டத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. இரு நகரங்களுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் எனின், சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். இங்குப் புகையும் காட்டப்படுகிறது. புகையிலிருந்து நெருப்புக்குச் செல்லும் வழியும் காட்டப்படுகிறது. மாணவர் அவ்வழியில் தாமே நடந்து பார்க்க இயலும்.

தமிழ்ப் பின்னணி உரையின் இயல்பு

ஐயத்தை உணர்த்தத் தமிழில் வளமான கூறுகள் உள்ளன. 'கொல்' என்னும் இடைச்சொல் ஐயப்பொருளில் வருவதைத் தொல்காப்பியம் கூறுகிறது. இக்காலத் தமிழில் 'இருக்கலாம்', 'இருக்கக்கூடும்', 'எனக் கருதப்படுகிறது' முதலியன அப்பணியைச் செய்கின்றன. திரைப்படிமத்திற்கு இத்தகைய கூறு ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் நடந்ததைக் காட்டலாம். நடந்திருக்கலாம் என்பதைக் காட்ட இயலாது. ஆகவே ஐயத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் பின்னணி உரையைச் சார்கிறது.

ஆங்கிலத்தில் ஐயச்சொல் பெரும்பாலும் தொடரின் தொடக்கத்திலோ வினைக்கு முன்போ வரும். தமிழில் அது வினைமுற்றின் ஈற்றில் வருகிறது. 'அவர்கள் இவ்வழியே வந்தனர்', 'அவர்கள் இவ்வழியே வந்திருக்கலாம்' என்னும் இரு தொடர்களும் இறுதிச் சொல்வரை ஒன்றே. அச்சொல் ஒலிப்பதற்குள் காட்சி மனத்தில் பதிந்துவிடுகிறது. மேலும், மொழிமாற்றுக் குரலைக் காட்சியின் கால அளவுக்குள் அடக்க வேண்டிய நெருக்கடியில், 'வந்திருக்கக்கூடும்' என்பதைவிட 'வந்தனர்' என்பதே எளிதில் பொருந்தும். இவ்வாறு ஈற்றசைகள் சில சுருங்கும்போது, ஆய்வாளரின் ஊகம் நிகழ்ந்த செய்தியாக மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் 'ஒருவேளை', 'சான்றுகளின்படி' போன்ற சொற்களைத் தொடரின் முதலில் அமைத்து இக்குறையை நீக்கலாம்.

வகுப்பறை முறை

ஒரு பாடவேளையில் முழு ஆவணப்படத்தைக் காட்டுவது பயன் தருவதில்லை. ஐந்து முதல் ஏழு நிமிடப் பகுதி போதுமானது. முதலில் அதனை ஒலியின்றிக் காட்டி, கண்டவற்றை மட்டும் மாணவரை எழுதச் செய்யலாம். பின்னர் ஒலியுடன் காட்டி, உரை கூறியவற்றைத் தனியே எழுதச் செய்யலாம். மூன்றாவதாகக் காட்சி, கருத்து, உரை என்னும் மூன்று நிரல்களில் அனைத்தையும் பகுக்கச் செய்யலாம். கருத்து நிரலில் வரும் ஒவ்வொன்றுக்கும் 'இதற்குரிய புகை எது?' என ஆசிரியர் வினவ வேண்டும்.

இதனைக் கீழடியைக் கொண்டு விளக்கலாம். கீழடியில் தக்களிகளும் எலும்பாலான கூர்முனைக் கருவிகளும் கிடைத்துள்ளன. அங்கு நெசவு நிகழ்ந்தது என்பது அவற்றிலிருந்து பெறும் கருத்து. ஓர் ஆவணப்படம் நெசவாளர் தெருவொன்றை மறுபுனைவாகக் காட்டுமாயின், தக்களி காட்சி நிரலிலும், நெசவு கருத்து நிரலிலும் அமையும். நெசவாளரின் உடை, தறியின் வடிவம், தெருவின் அகலம் ஆகியவற்றிற்குப் படம் சான்று தராவிடின், அவை தேராது தெளிதலாகவே நின்றுவிடும். இவ்வாறே, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறும் கி.மு. 580 என்னும் காலம், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு கரிமாதிரியின் பகுப்பாய்வு முடிவாகும். அதனை அக்குறிப்பிட்ட மண்ணடுக்கோடு இணைத்துப் படிக்க மாணவர் கற்க வேண்டும்.

இத்தகைய வினாக்கள் தொன்மையின் பெருமையைக் குறைத்துவிடும் எனச் சிலர் அஞ்சக்கூடும். உண்மை இதற்கு மாறானது. மறுபுனைவை மட்டும் நினைவில் கொண்ட மாணவர், அது புனைவே என ஒருவர் சுட்டிய அளவில் தக்களியையும் சேர்த்து இழந்துவிடுவர். சான்றை அறிந்த மாணவருக்கு அந்நிலை நேராது.

பாடநூலும் கருத்தளவையையே பெரிதும் சார்ந்தது என்னும் மறுப்பு எழலாம். அது உண்மையே. ஆனால் எழுத்தை நிறுத்திப் படிக்கலாம். ஐயச்சொல்லை அது தன்னுள்ளேயே தாங்கவல்லது. ஓடும் படிமத்தை நிறுத்தி வினவும் உரிமையை ஆசிரியரே மாணவருக்கு வழங்க வேண்டியுள்ளது.

முடிவுரை

ஆவணப்படத்தைத் தவிர்ப்பதோ முழுமையாக நம்புவதோ கல்விக்கு உதவாது. காட்சி, கருத்து, உரை என அதனைப் பகுத்துப் பயிற்றும்போது, வரலாறும் அறிவியலும் தம் முடிவுகளை எவ்வாறு அடைகின்றன என்பதையே மாணவர் கற்கின்றனர். கல்வி ஒளிபரப்புக்குப் படம் உருவாக்குவோர் மறுபுனைவுக் காட்சிகளில் 'மறுபுனைவு' எனத் திரையிலேயே குறித்தல் வேண்டும். தமிழ்ப் பின்னணி உரை எழுதுவோர் ஐயச்சொற்களைக் கைவிடாமல் காத்தல் வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் அளவைப் பகுப்பு இடம்பெறல் வேண்டும். ஐயத்திற்கும் தெளிவிற்கும் இடையே தேர்தல் என்னும் படி ஒன்று உண்டு; அப்படியில் மாணவரை நிற்கச் செய்வதே ஆவணப்படம் வழிக் கல்வியின் பயனாகும்.